கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், இங்கிருந்தே சி.ஏ. படிக்க முடியுமா?

முத்தையன்கட்டுப் பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணாமார், அக்காமார் யாராவது இந்தப் பாதையில் போயிருந்தால் கொஞ்சம் விபரமாக எழுதுங்கள்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம். ஏ.எல். (உயர்தரம்) வர்த்தகப் பிரிவில் செய்தேன். கணக்கீட்டுக்குப் பி, வணிகக் கல்விக்குச் சி, பொருளியலுக்கு வெறும் பாஸ், எஸ். இரண்டாம் தரமும் எடுத்தேன், பொருளியல் அதே எஸ்ஸில் நின்றுவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற இசட் ஸ்கோர் புள்ளி போதவில்லை. இப்போது ஒன்றரை வருடமாக எங்கள் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. காசேடு, சில்லறைக் காசேடு இரண்டும் நான்தான் எழுதுகிறேன். உரம் வந்தால் இருப்புப் புத்தகத்திலும் பதிய வேண்டும்.

எனக்குச் சி.ஏ., அதாவது பட்டயக் கணக்காளர் படிப்பு, செய்ய ஆசை. பத்தாம் வகுப்பில் கணக்கு ரீச்சர் ஐந்தொகையைக் கரும்பலகையில் போட்டு, இரண்டு பக்கமும் சமப்பட்டபோது அடியில் இரட்டைக் கோடு இழுத்தார். அன்றைக்குப் பிடித்த ஆசை இது. ஆனால் சி.ஏ. முடித்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் டொக்டர், என்ஜினியர், ரீச்சர் இருக்கிறார்கள். கேட்டுப் பார்க்க ஒரு பட்டயக் கணக்காளர் இல்லை.

அப்பா இல்லை. அம்மா குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல் செய்கிறா. தம்பி பத்தாம் வகுப்பு. சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மாதம் ஐயாயிரம் ரூபா கையில் மிஞ்சும். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. "எத்தனை வருடம் எடுக்கும், எங்கே போய் நிற்க வேண்டும், இதை மட்டும் கேட்டுச் சொல்லு" என்கிறா. அந்த இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

வவுனியாவில் ஒரு கல்வி நிலையத்தில் விசாரித்தேன். "ஏ.ஏ.டி., சி.ஏ. எல்லாம் நீண்ட பாதை. எங்கள் டிப்ளோமாவை ஒரு வருடத்தில் முடித்தால் அதுவும் சி.ஏ.க்குச் சமன்தான்" என்றார்கள். காசையும் தவணை முறையில் கட்டலாமாம். உண்மையா?

என் ஆங்கிலம் சுமார். வாசித்தால் பாதி விளங்கும், கதைக்க வராது.

இன்னொன்று. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் கேட்கிறேன். போன மாத வங்கி இணக்கம், அதாவது எங்கள் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுச் சமப்படுத்துவது, எனக்கு வரவில்லை. கொடுத்தும் வங்கிக்குப் போகாத காசோலைகளை எல்லாம் கழித்த பிறகும் வங்கிக் கூற்றின் மீதி எங்கள் காசேட்டை விட 2,700 ரூபா கூட நிற்கிறது. மூன்று நாள் தேடிவிட்டேன். முகாமையாளர் "தொங்கல் கணக்கில் போட்டுவிடு" என்கிறார், காரணம் தெரியாத வித்தியாசத்தை ஒரு தற்காலிகக் கணக்கில் தள்ளிவிடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை.

---

பரந்தன் சந்தி எழுதியது:

தங்கச்சி, நான் சி.ஏ. இல்லை, ஏ.சி.சி.ஏ. பக்கம் போனவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏ.சி.சி.ஏ. லண்டன் கணக்காளர் தகைமை. 1904 இல் தொடங்கியது. மொத்தம் 13 பேப்பர், ஒவ்வொன்றுக்கும் 50 எடுத்தால் பாஸ். மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் என்று வருடத்தில் நான்கு தரம் பரீட்சை வரும். 36 மாத வேலை அனுபவமும் காட்ட வேண்டும். அந்த அனுபவத்துக்கு ஓடிற் (கணக்காய்வு) நிறுவனம்தான் வேண்டும் என்றில்லை. கணக்கு வேலையாக இருந்து, மேலே இருப்பவர் பார்த்து உறுதிப்படுத்தினால் போதும். அந்த விதத்தில் ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு இது தோது.

ஆனால் இரண்டு விடயத்தை முதலே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, முதல் பேப்பரில் இருந்தே ஆங்கிலம். இரண்டு, காசு பவுணில் கட்ட வேண்டும். நான் ஒன்பது பேப்பர் முடித்திருந்தேன். 2022 மார்ச்சில் ரூபா விழத் தொடங்கியது. அதுவரை 200 சொச்சம் ரூபாவில் நின்ற டொலர் மே மாதம் 360 வரை போனது, பவுணும் அதோடு ஏறியது. நான் அப்போது எடுத்த சம்பளத்தில் வருடச் சந்தாவையும் பரீட்சைக் கட்டணத்தையும் பார்த்துக் கொம்பியூட்டரை மூடிவைத்தேன். இரண்டு வருடம் விட்டுவிட்டு இப்போதுதான் திரும்பத் தொடங்கியிருக்கிறேன்.

சீமா என்கிற முகாமைக் கணக்காளர் தகைமையும் அப்படித்தான், பவுண், ஆங்கிலம். உங்கள் நிலைமையில் ரூபாவில் கட்டுகிற, தமிழில் எழுதக்கூடிய ஒன்றில் தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். அந்தப் பாதையில் போன அக்கா ஒருவர் இங்கே எழுதுவார், அவரைப் பார்த்துக் கேளுங்கள்.

---

கனகராயன் ஆறு எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்வியை நேற்று இரவு இரண்டு தரம் வாசித்தேன். நானும் சங்கம் ஒன்றில் காசேடு எழுதித்தான் தொடங்கினேன், கிளிநொச்சியில். சி.ஏ. முடித்துவிட்டு இப்போது ஊருக்கே திரும்பி வந்து ஒரு ஆடைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் அந்த டிப்ளோமா. வேண்டாம், ஒரு தவணையும் கட்டாதீர்கள். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டானது. சி.ஏ. என்று நாங்கள் சொல்வது அதன் அங்கத்துவத்தைத்தான். வேறு ஒரு நிலையம் கொடுக்கிற சான்றிதழ் அதற்குச் சமனாகாது. சி.எம்.ஏ. என்பது வேறு, அது முகாமைக் கணக்காளர் நிறுவகம், அதற்கும் 2009 இல் தனிச் சட்டம் வந்தது. யாராவது "சமன்" என்று சொன்னால், எந்தப் பேப்பருக்கு விதிவிலக்குத் தருவார்கள் என்று நிறுவகத்திடமே நேரே கேளுங்கள். படிப்பிக்கிறவரிடம் கேட்காதீர்கள்.

அம்மா கேட்ட இரண்டு கேள்வியும்தான் சரியான கேள்விகள். எங்கள் பிள்ளைகள் பேப்பருக்குத்தான் பயப்படுகிறார்கள். பேப்பரில் ஒரு பெரும் பங்கை வீட்டில் இருந்தே படித்துப் பாஸ் பண்ணலாம். சி.ஏ.க்கு வீட்டை விட்டுப் போக வேண்டி வருவது மூன்று வருடப் பயிற்சிக்கு. நிறுவகம் அங்கீகரித்த இடத்தில், ஒப்பந்தம் எழுதி, மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். அப்படியான இடங்களில் பெரும்பாலானவை கொழும்பில். என்னோடு படித்தவர்களில் பாதியில் திரும்பி வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். பேப்பரில் தோற்றுத் திரும்பியவர்கள் குறைவு. தங்க இடமில்லாமல், கையில் காசில்லாமல், வாய் திறக்க ஆங்கிலம் இல்லாமல் திரும்பியவர்களே கூட. ஆகவே இன்றிலிருந்து அந்தப் பயணத்துக்கு ஆயத்தம் செய்யுங்கள். படிப்பு அதோடு சேர்ந்து நடக்கும்.

தொடங்க வேண்டியது ஏ.ஏ.டி. கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளருக்கான தகைமை, அதை நடத்துவது 1987 இல் இருந்து இருக்கிற சங்கம். பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். வழக்கமாக ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கும். மூன்று நிலை. முடித்தால் சி.ஏ.யில் கீழ்ப் பேப்பர்களுக்கு விதிவிலக்குக் கிடைக்கும். எல்லாவற்றையும் விட, உங்கள் வேலையை விடாமல் படிக்கலாம். காலையில் எழுதுகிற காசேடுதான் இரவில் படிக்கப் போகிற பாடம், இந்த வசதி கொழும்புப் பிள்ளைக்குக் கூட இல்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009 இல் செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து ஓ.எல். படித்தேன். 2012 இல் ஏ.எல். உங்களை விடப் பெரிய றிசல்ட் ஒன்றும் இல்லை. 2013 இல் ஏ.ஏ.டி. தொடங்கினேன். பரீட்சைக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும். விடிய ஐந்து மணிக்கு ஏ9 வீதியில் நின்று பஸ் எடுப்பேன், ஆனையிறவு தாண்டும்போதுதான் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் கொப்பியைத் திறந்து கடைசித் தரம் பார்ப்பேன். கிரயக் கணக்கியலில் ஒரு தரம் தோற்றேன். மற்றதெல்லாம் வந்தது.

பிறகு பயிற்சிக்கு இடம் தேடிக் கொழும்பு போனேன். முதல் நேர்முகம் ஒரு ஓடிற் நிறுவனத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "வங்கி இணக்கக் கூற்று ஏன் செய்கிறோம்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். மூன்று வருடமாக மாதாமாதம் நான் செய்த வேலை அது. கை செய்யும், வாய் சொல்லவில்லை. "தமிழில் சொல்லட்டுமா" என்று கேட்கக்கூட ஆங்கிலம் வரவில்லை. சரி, போகலாம் என்றார்கள். அன்று இரவு பஸ்ஸில் வவுனியா வரும்வரை அழுதேன்.

வீட்டுக்கு வந்து ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். நடுவில் கோடு கீறி இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ். அட்டுறு, ஏற்பாடு, பெறுமானத் தேய்வு, நிகழத்தக்க பொறுப்பு, எல்லாம் எங்களுக்குத் தெரிந்த சரக்குத்தான், சட்டைதான் வேறு. ஒரு நாளுக்குப் பத்துச் சொல். அதற்குக் கீழே அன்றைக்குச் சங்கத்தில் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கலை மூன்று வரி ஆங்கிலத்தில் எழுதுவேன். எழுதியதைக் கிணற்றடியில் நின்று சத்தமாகச் சொல்வேன். ஏழு மாதம் அப்படிச் செய்தேன். அடுத்த நேர்முகத்தில் அதே மாதிரிக் கேள்விதான் வந்தது. பதில் சொன்னேன். இலக்கணம் பிழைத்திருக்கும், ஆனால் அவர்களுக்கு விளங்கியது.

இன்னொரு உதாரணம் சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வரும். இலங்கைக் கணக்கீட்டு நியமங்களில் எல்.கே.ஏ.எஸ். 41 என்று ஒன்று இருக்கிறது, விவசாயத்துக்கானது. முதல் தரம் ஆங்கிலத்தில் வாசித்தபோது ஒரு வரியும் ஏறவில்லை. உயிரியல் சொத்து, நியாயப் பெறுமதி, விற்பனைச் செலவு என்று போய்க்கொண்டே இருந்தது. புத்தகத்தை வைத்துவிட்டு அம்மாவோடு வயலுக்குப் போனேன். பெரும்போகம், குடலைப் பருவம். வரம்பில் நின்று பார்க்கும்போதுதான் பொறி தட்டியது. நிலத்தில் நிற்கிற பயிர்தான் உயிரியல் சொத்து. அதை விதை, உரம், கூலி என்று போட்ட செலவில் பார்க்காமல், இன்றைக்கு என்ன விலை போகும், அதில் விற்கிற செலவு எவ்வளவு என்று கழித்துப் பார்க்கச் சொல்கிறது நியமம். அறுத்த அந்தக் கணத்தில் நெல் விளைபொருள் ஆகிறது, அதையும் அதே மாதிரி அளக்க வேண்டும். அந்தப் பெறுமதியோடு அது களஞ்சியத்துக்குள் போனால் எல்.கே.ஏ.எஸ். 2, இருப்பு. அதற்குப் பிறகு இந்த நியமம் எனக்கு மறக்கவே இல்லை. கொழும்பில் வகுப்பில் சேர் கேட்டபோது வயல் பார்க்காத பிள்ளைகள் முழித்தார்கள், நான் கை உயர்த்தினேன். உங்கள் அம்மாவுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறதே, அவ மனதில் போடுகிற கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

இனிக் காசு. பயிற்சிக்காலத்தில் சம்பளம் என்று சொல்ல முடியாது, கொடுப்பனவுதான். வெள்ளவத்தையில் நான்கு பிள்ளைகள் ஒரு அறை. வாடகை, சாப்பாடு, பஸ் போக ஒன்றும் மிஞ்சாது. வகுப்புக் காசுக்கும் பரீட்சைக் காசுக்கும் வேறு வழி வேண்டும். நான் சங்கத்தில் வேலை செய்த காலத்தில் அம்மா என் பெயரில் ஒரு சீட்டுப் போட்டிருந்தா. அந்தக் காசுதான் முதல் வருடத்தைத் தாங்கியது. உங்களுக்கு மிஞ்சுகிற ஐயாயிரத்தில் மூவாயிரத்தை இந்த மாதத்தில் இருந்தே ஒதுக்குங்கள். ஏ.ஏ.டி. முடியும்போது ஒரு தொகை சேர்ந்திருக்கும். அது இல்லாமல் பஸ் ஏறாதீர்கள், உறவுக்காரர் வீட்டில் நிற்கலாம் என்ற நம்பிக்கையிலும் ஏறாதீர்கள். மூன்று வருடம் ஒருவர் வீட்டில் நிற்பது இரண்டு பக்கத்துக்கும் கஷ்டம்.

பயிற்சிக்குப் போன பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். செய்கிற வேலையை அவ்வப்போது பதிந்து மேலே இருப்பவரிடம் உறுதி வாங்க வேண்டும். நான் நான்கு மாதம் பதியாமல் விட்டேன். வேலை அப்படி, மார்ச் 31 க்குப் பிறகு கணக்கு முடிக்கிற காலம், இரவு எட்டு மணி வரை அலுவலகம். அதற்கிடையில் என்னைப் பார்த்த மனேஜர் வேறு இடம் போய்விட்டார். புதியவர் "நான் பார்க்காத வேலைக்கு எப்படிக் கையெழுத்து வைப்பது" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பழையவரைத் தேடிப் பிடித்து உறுதி வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். அன்றன்று எழுதுங்கள்.

வேலை என்றதும் ஏதோ கண்ணாடி அறைக்குள் என்று நினைக்காதீர்கள். என் முதல் மார்ச் 31 ஒரு அரிசிக் களஞ்சியத்தில் போனது. மூட்டைகளை அடுக்கு அடுக்காக எண்ண வேண்டும். களஞ்சியக்காரர் சொன்ன எண்ணிக்கையும் வெளியே தெரிந்த அடுக்கும் சரியாக இருந்தன. என்னோடு வந்த சீனியர் அண்ணா அடுக்கின் மேல் ஏறிப் பார்க்கச் சொன்னார். ஏறினேன். நடுவில் கிணறு மாதிரிப் பள்ளம். வெளிச்சுவர் மட்டும் மூட்டை, உள்ளே வெறுமை. அன்றைக்குத்தான் ஓடிற் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது.

கடைசி நிலையில் இரண்டு தரம் தோற்றேன். மேலே போகப் போக எல்லாம் ஆங்கிலம்தான், அதோடு கேள்வியும் மாறுகிறது. கணக்குப் போடுவதை விட, இந்தக் கொம்பனிக்கு என்ன ஆலோசனை சொல்வாய் என்று கேட்பார்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான் கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நோட்ஸ் எல்லாம் போனது. அந்த சி.ஆர். கொப்பியை மட்டும் அம்மா கூரை வளையில் செருகி வைத்திருந்தா. 2021 இல் முடித்தேன்.

ஆகவே அம்மாவுக்குச் சொல்லுங்கள். எனக்கு எட்டு வருடம் எடுத்தது. தோல்வி இல்லாமல் போனால் ஆறு, ஏழு. அதில் முதல் இரண்டு மூன்று வருடம் வீட்டில், உங்கள் வேலையோடு. அடுத்த மூன்று வருடம் கொழும்பில், கஷ்டத்தோடு. ஏ.ஏ.டி. முடிந்ததுமே உங்கள் வேலைக்கு மதிப்புக் கூடும், அதோடு நிற்க வேண்டி வந்தாலும் வெறுங்கை இல்லை.

கடைசியாக அந்த 2,700. தொங்கல் கணக்கில் போடாதீர்கள். 2,700 ஐ 9 ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 300 வருகிறது. வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம். 300 வருவதால் ஆயிரமாம் இடத்து இலக்கத்துக்கும் நூறாம் இடத்து இலக்கத்துக்கும் இடையில் 3 வித்தியாசம் இருக்கும். வங்கியில் கூட இருக்கிறது என்றால் உங்கள் காசேட்டில் ஒரு கொடுப்பனவு கூட எழுதப்பட்டிருக்கலாம், அல்லது ஒரு வரவு குறைய எழுதப்பட்டிருக்கலாம். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஆயிரத்திலும் நூறிலும் 1-4, 2-5, 4-7, 6-9 மாதிரிச் சோடிகள் வருகிற தொகைகளை மட்டும் எடுத்து காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிடுங்கள். அதில் கிடைக்காவிட்டால் 1,350 என்று ஒரு தொகை தேடுங்கள். பக்கம் மாறிப் பதிந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும்.

---

துணுக்காய்வாசி எழுதியது:

பிள்ளை, மேலே அந்தத் தங்கச்சி எழுதியதற்கு மேல் படிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் அரசாங்கக் கணக்குப் பக்கத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்றிரண்டு வார்த்தை.

நீர் வேலை செய்கிற சங்கம் 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கமாக இருக்கும். கூட்டுறவுத் திணைக்களத்தில் இருந்து கணக்காய்வுக்கு வருவார்கள். பலர் அந்த நாட்களில் லீவு போட்டு ஒளிப்பார்கள். நீர் அப்படிச் செய்ய வேண்டாம். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, கேட்ட வவுச்சரை எடுத்துக் கொடுத்து, ஏன் அதைக் கேட்கிறார்கள் என்று பாரும். ரியூசனில் கிடைக்காத பாடம் அது. வந்தவர் நல்ல மனுசராக இருந்தால் கேள்வியும் கேளும்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, நிர்வாகசபை உமக்குப் பொறுப்புக் கொடுத்த கடிதம், எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து வீட்டில் வையும். எங்கள் சனம் எத்தனை தரம் கடதாசிகளைத் தொலைத்தது என்று உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனிலும் படம் எடுத்து வைத்துவிடும்.

அரச வேலை ஆசை வந்தாலும் இந்தப் படிப்பு வீண்போகாது. இலங்கைக் கணக்காளர் சேவைக்குப் போட்டிப் பரீட்சை வைத்துத்தான் எடுக்கிறார்கள். தகைமை விதிகள் வர்த்தமானியில் வரும், ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாரும். அங்கே நிதிப் பிரமாணம், அதாவது அரச காசைக் கையாளும் விதிகள், என்று தனி உலகம் ஒன்று இருக்கிறது, ஆனால் வரவும் செலவும் தெரிந்தவருக்கு அது வசப்படும்.

முகாமையாளர் தொங்கல் கணக்கில் போடச் சொன்னதற்கு மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர். அந்த வசனத்தை வாசித்துவிட்டுத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

---

முத்தையன்கட்டுப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். வெள்ளத்தில் கொப்பியைக் கூரையில் செருகின இடத்தில் அம்மா அழுதுவிட்டா. பிறகு, "எட்டு வருடம் என்றால் தம்பியும் அதற்குள் படித்து முடித்துவிடுவான்" என்றா. அவ்வளவுதான் சொன்னா. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, இரண்டு கேள்வி. ஏ.ஏ.டி.க்கு முல்லைத்தீவுப் பக்கத்தில் வகுப்பு இல்லை. வவுனியாவுக்கு ஞாயிறு ஞாயிறாகப் போவதா, ஒன்லைனில் படிப்பதா? எங்கள் வீட்டில் சிக்னல் இரண்டு கோடுதான். மற்றது, இரண்டு பேப்பராகப் பிரித்து எடுப்பதா, ஒரு நிலையை மொத்தமாக எடுப்பதா?

---

கனகராயன் ஆறு எழுதியது:

ஒன்லைன் போதும் தங்கச்சி, ஆனால் கிரயக் கணக்கியலுக்கு மட்டும் ஒருவர் முன்னால் இருந்து படிப்பிக்க வேண்டும். நான் தோற்றது அதில்தான், எனக்குத் தெரியும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை வவுனியா போங்கள். மற்றவற்றுக்கு வகுப்பின் பதிவை இறக்கி வைத்துக்கொண்டு படியுங்கள். சிக்னல் உள்ள இடம் சங்கமாக இருந்தால், வேலை முடிந்து அரை மணித்தியாலம் இருந்து இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். முகாமையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள், கேட்டால் மறுக்கமாட்டார்.

முதல் நிலையை மொத்தமாக எடுங்கள். பாதி உங்களுக்குத் தெரிந்த ஏ.எல். பாடம். அடுத்த நிலையில் பிரிப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் அறுவடை எந்த மாதம் வரும் என்று பார்த்துப் பதியுங்கள். வயலிலும் நின்று பரீட்சையும் எழுதப் போய் ஒரு தரம் நான் இரண்டையும் கெடுத்திருக்கிறேன்.

பழைய வினாத்தாள்களைத் தமிழில் எடுத்து வையுங்கள். விடையைப் பார்க்காமல், நேரம் வைத்து எழுதுங்கள். கல்குலேட்டர் ஒன்றையே கடைசி வரை பாவியுங்கள், விரல் பழக வேண்டும்.

2,700 என்ன ஆனது?

---

முத்தையன்கட்டுப் பிள்ளை எழுதியது:

கிடைத்துவிட்டது அக்கா! இன்றைக்குக் காலை பத்து மணிக்கு. நீங்கள் சொன்ன மாதிரிச் சோடிகளை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டேன். மொத்தம் ஆறு தொகைதான் வந்தது. நான்காவதில் இருந்தது. உரம் ஏற்றிவந்த லொறிக் கூலிக்கு 14,700 க்குக் காசோலை எழுதியிருக்கிறோம், அடிக்கட்டையிலும் வங்கிக் கூற்றிலும் 14,700 தான். காசேட்டில் நான் 17,400 என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துத்தான்.

காசேட்டில் 2,700 ஐ வரவு வைத்துத் திருத்தினேன். இரண்டு பக்கமும் சமன். முகாமையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிக்கட்டையைப் பார்த்தார், காசேட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஒப்பம் வைத்தார். பிறகு "ஜூலைப் பரீட்சைக்கு எத்தனை நாள் லீவு வேண்டும்" என்று கேட்டார்.

பின்னேரம் கடையில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி நடுவில் கோடு கீறிவிட்டேன்.